407 பவர் ஸ்டீயரிங் பாக்ஸில் ஆயில் கசிவு: சீல் போடலாமா, பாக்ஸையே மாற்றணுமா?

வெண்ணாறு407 | மன்னார்குடி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பவர் ஸ்டீயரிங் வைத்த டாடா 407 லாரி. வயது பதினைந்தைத் தாண்டியாச்சு. அறுப்பு சமயத்தில் களத்துமேட்டிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல், மற்ற நாளில் செங்கல், உரம், பந்தல் சாமான் என்று வந்ததை ஏற்றுவேன்.

கொஞ்ச காலமாகவே ஸ்டீயரிங் பாக்ஸுக்கு (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பல் பெட்டி) அடியில் ஈரம் இருந்தது. துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால், கேட் திறப்பதற்குள் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஆயில் விழுந்து கிடக்கிறது. (அந்த கேட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) ஸ்டீயரிங் ஆயில் ஊற்றுகிற டப்பாவில் ஆயில் இறங்கினால் வளைவில் திருப்பும்போது முனகல் சத்தம் வருகிறது, ஊற்றினால் நின்றுவிடுகிறது.

ஒரு பட்டறையில் சீல் கிட் (பாக்ஸுக்கு வேண்டிய சீல், வளையம் எல்லாம் சேர்ந்த செட்) போட்டால் போதும் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் "பாக்ஸ் போச்சு, மாத்துங்க" என்றார்கள். சம்பா அறுப்பு நெருங்கிவிட்டது, அதோடு எஃப்.சி.யும் (வண்டித் தகுதிச் சான்று) வருகிறது. வண்டியை ரொம்ப நாள் நிறுத்திப் போட முடியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குடந்தை டீசல் | கும்பகோணம்

சீல் கிட் போடுங்க அண்ணே. பாக்ஸ் விலைக்கும் கிட் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நாள் வேலை, சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

பட்டுக்கோட்டை சுமோ | பட்டுக்கோட்டை

கசிவை நிறுத்தும் திரவம் சின்ன டப்பாவில் கிடைக்கிறதே, அதை ஊற்றிப் பார்த்தீர்களா? என் பழைய சுமோவில் ஊற்றினேன், ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியது.

டெப்போ பெரியவர் | கும்பகோணம்

தம்பி, கிட்டா பாக்ஸா என்பது அப்புறம். முதலில் ஒழுகுவது எங்கே என்று பாருங்கள். "பாக்ஸ் அடியில் ஈரம்" என்பது நோய் இல்லை. எங்கே ஒழுகினாலும் ஆயில் கீழேதான் வந்து சேரும், பாக்ஸில் ஆகக் கீழே இருப்பது டிராப் ஆர்ம், அதாவது சக்கரத்தைத் திருப்ப பாக்ஸிலிருந்து தொங்குகிற கை. அதனால் பழி எப்போதும் அங்கே இருக்கிற சீல் மேல்தான் விழும்.

பாக்ஸில் ஆயில் வெளியே வர நாலைந்து வழி உண்டு. மேலே, ஸ்டீயரிங் ராட் உள்ளே போகிற இடத்தில் இன்புட் ஷாஃப்ட் சீல். பக்கத்தில் மூடியின் ஓரிங். அந்த மூடியின் நடுவில் இருக்கிற அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவின் லாக் நட்டு. பிரஷர் ஓஸும் ரிட்டர்ன் ஓஸும் வந்து சேருகிற இணைப்பு. கடைசியாக, கீழே டிராப் ஆர்மைத் திருப்புகிற தண்டான செக்டர் ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்துச் சீல். இதில் ஓஸ் இணைப்பு ஒழுகினால் ஒரு செம்பு வாஷரோடு வேலை முடிந்துவிடும். அதற்குப் போய்ப் பாக்ஸை மாற்றிய புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். டீசலும் பிரஷும் வைத்துப் பாக்ஸை மேலிருந்து கீழ் வரை சுத்தமாகக் கழுவுங்கள். சோப்புத் தண்ணீர் விட்டுக் காற்றடித்துக் காய வையுங்கள். பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரை மெல்லிசாக எல்லாப் பக்கமும் தூவுங்கள். வீட்டில் கோலமாவு இருக்கிறதே என்று அதைத் தூவ வேண்டாம். அது கல் தூள், சீலின் உதட்டுக்குள் போனால் அரம் மாதிரி ராவிவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒருவரை ஸ்டீயரிங்கை இடம் வலமாகத் திருப்பச் சொல்லுங்கள். கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. லாக்கில் பிடித்தால் பம்ப் முழு அழுத்தமும் போட்டு நிற்கும், ஆயில் கொதிக்கும். லைட் அடித்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஓட்டை.

அந்த டப்பா மருந்து வேண்டாம். அது ரப்பரை ஊதிப் பெரிசாக்குகிற சரக்கு. ஒழுகுகிற சீலை மட்டுமா ஊத வைக்கும்? நன்றாக இருக்கிற சீல், ஓஸின் உள்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே ஊத வைக்கும்.

குடந்தை டீசல் | கும்பகோணம்

பெரியவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். சிவப்பாக ஒழுகுவதால் எஞ்சின் ஆயில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். டப்பாவில் என்ன ஊற்றுகிறீர்கள் அண்ணே?

வெண்ணாறு407 | மன்னார்குடி

ஏ.டி.எஃப்.தான் (ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு ஆயில்) ஊற்றுகிறேன், டெக்ஸ்ரான் வகை. வேறெதுவும் ஊற்றுவதில்லை.

டெப்போ பெரியவர் | கும்பகோணம்

நல்லது. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதற்குரிய ரப்பர் வேறு, இதற்குரிய ரப்பர் வேறு. ஊற்றினால் இருக்கிற சீல் எல்லாம் கொழகொழத்துப் போகும்.

இன்னொன்று, டப்பா மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். நுரையாக இருந்தால் பம்புக்கு வருகிற ஓஸ் பக்கம் காற்று இழுக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மழைக்கு முழங்கால் தண்ணீரில் வண்டியை விடுகிற ஊர் நம் ஊர், அதையும் பார்த்துவிடுங்கள்.

வெண்ணாறு407 | மன்னார்குடி

பெரியவர் சொன்னபடி கழுவிப் பவுடர் தூவிப் பார்த்தேன். மைத்துனர் திருப்பினார், நான் அடியில் படுத்திருந்தேன்.

ஒழுகல் இரண்டு இடத்தில். பிரஷர் ஓஸ் இணைப்பில் சன்னமாக, வேர்வை பூத்த மாதிரி. இன்னொன்று டிராப் ஆர்முக்கு மேலே, அதுதான் பெரியது. வலது பக்கம் திருப்பினால் ஒன்றும் இல்லை. இடது பக்கம் திருப்பும்போது மட்டும் சீல் ஓரத்தில் குமிழ் விட்டு வருகிறது. இன்புட் ஷாஃப்ட் பக்கம், பக்கவாட்டு மூடி இரண்டும் காய்ந்தே இருந்தன. ஆயிலில் நுரை இல்லை, வெளுப்பும் இல்லை. ஆனால் டப்பாவின் அடியில் விரலை விட்டுத் தடவினால் கறுப்பாகச் சேறு போல் வருகிறது.

மன்னை ஆட்டோ | மன்னார்குடி

மூடியில் இருக்கிற அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை ஒரு கால் சுற்று முறுக்கிப் பாருங்கள். ஆட்டமும் போகும், கசிவும் குறையும் என்று எங்கள் ஸ்டாண்டில் சொல்கிறார்கள்.

லேத்காரன் | திருச்சி

தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். அந்த ஸ்க்ரூவை முறுக்குவதற்கும் இந்தக் கசிவுக்கும் சம்பந்தமே இல்லை. செக்டர் ஷாஃப்டின் பல்லும் பிஸ்டனின் பல்லும் நடுவில் எவ்வளவு நெருங்கிக் கடிக்க வேண்டும் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. அளவுக்கு மேல் முறுக்கினால் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. நேர் ரோட்டில் வண்டி அங்கும் இங்கும் அலையும். நாளடைவில் பல் தின்றுவிடும். தேய்மானம் நடுப்பகுதியில்தான் அதிகம் இருக்கும் என்பதால், நடுவில் சரியாக இருக்கிறதே என்று முறுக்கினால் இரண்டு ஓரத்திலும் இறுகிப் பிடிக்கும். கோவில் வளைவில் முழுசாக ஒடிக்கும்போதுதான் அது தெரியும்.

இடது திருப்பத்தில் மட்டும் வருகிறது என்றீர்களே, அது நல்ல தடயம். இந்த வகைப் பாக்ஸில் உள்ளே ஒரு பிஸ்டன். ஒரு பக்கம் திருப்பினால் பிஸ்டனுக்கு ஒரு புறம் அழுத்தம், மறுபக்கம் திருப்பினால் இன்னொரு புறம். செக்டர் ஷாஃப்ட் இருக்கிற அறை அதில் ஒரு புறத்தோடு சேர்ந்தது. ஆகவே ஒரு பக்கத் திருப்பத்தில்தான் அந்தச் சீலுக்கு முழு அடி விழுகிறது.

எவ்வளவு அடி தெரியுமா? இந்த மாதிரி வண்டிகளில் பம்ப் அழுத்தம் 100 பார் அளவுக்குப் போகும். நீங்கள் டயரில் அடிக்கிற காற்றைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேல். கடையில் போய் "இந்த அளவில் ஒரு ஆயில் சீல் கொடுங்க" என்று வாங்கிப் போடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். உள் விட்டம், வெளி விட்டம், கனம் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் வீல் ஹப்புக்குப் போடுகிற சீல் அழுத்தம் தாங்காது; போட்ட அன்றைக்கே உதடு மடிந்து வெளியே வரும். இதற்கு அழுத்தம் தாங்குகிற சீல், அதன் பின்னால் தாங்கு வளையம், சர்க்லிப், வெளியே தூசிச் சீல் என்று வரிசையாக இருக்கும். கிட்டாக வாங்குங்கள், உதிரியாக வாங்காதீர்கள்.

குடந்தை டீசல் | கும்பகோணம்

அப்போ கிட்தான் என்று முடிவாச்சு. நான் முதலிலேயே சொன்னேன் 🙂

உப்பளத்து ஓட்டி | வேதாரண்யம்

அவசரப்படாதீங்க தம்பி. நான் உப்பு ஏற்றுகிறவன். என் வண்டியிலும் இதே இடம், இதே ஒழுகல். கிட் போட்டோம், அடுத்த லோடு தீர்வதற்குள் பழையபடி ஒழுகியது. இன்னொரு கிட் போட்டோம், அதுவும் அப்படியே. சீலில் குற்றமில்லை. தூசிச் சீல் எப்போதோ கிழிந்து உப்புத் தண்ணீர் உள்ளே போய், செக்டர் ஷாஃப்டில் சீல் உட்காருகிற இடத்திலேயே துரு அரித்துக் குழி குழியாக இருந்தது. எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தக் குழி அதன் உதட்டைக் கிழித்துக்கொண்டே இருக்கும்.

டிராப் ஆர்மைக் கழற்றி ஷாஃப்டைப் பார்க்காமல் யாருடைய பேச்சையும் கேட்டுக் காசைக் கொடுக்காதீர்கள்.

லேத்காரன் | திருச்சி

சரியான பேச்சு. கிட்டா பாக்ஸா என்பதை முடிவு செய்வது எவ்வளவு ஒழுகுகிறது என்பது இல்லை, ஷாஃப்டும் அதைத் தாங்குகிற பேரிங்கும் எப்படி இருக்கின்றன என்பதுதான். சொட்டுச் சொட்டாக ஒழுகுகிற பாக்ஸ் குப்பைக்குப் போக வேண்டியதாக இருக்கலாம். அருவியாகக் கொட்டுகிற பாக்ஸ் ஒரு சீலில் சரியாகலாம்.

டிராப் ஆர்மைக் கழற்றும் முன் ஆர்மிலும் ஷாஃப்டிலும் நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். நட்டை எடுத்த பிறகு புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். சம்மட்டியால் அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அந்த அடி உள்ளே இருக்கிற பல்லுக்கும் பேரிங்குக்கும் போகிறது.

ஆர்ம் வந்ததும் ஷாஃப்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்தாச்சு. ஷாஃப்ட் அப்படி அலைகிற வரைக்கும் எந்தச் சீலும் நிற்காது. அடுத்து, துருவைத் துடைத்துவிட்டு, சீல் உரசுகிற வளையத்தின் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். பளபளப்பாகத் தடம் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை, நைஸ் எமரியால் சுற்றுவாட்டில் துடைத்துவிட்டுச் சீல் போடலாம். நகம் மாட்டினால் யோசிக்க வேண்டும்.

வெண்ணாறு407 | மன்னார்குடி

பார்த்தாச்சு. படத்தைப் போடுகிறேன், வெளிச்சம் சரியில்லை, மன்னிக்கவும். தூசிச் சீல் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை, அந்த இடத்தில் வண்டல் காய்ந்து கெட்டியாகி வளையமாக உட்கார்ந்திருந்தது. சுரண்டி எடுத்தேன். உள்ளே சீல் உதட்டில் ஒரு பக்கம் கிழிசல். ஷாஃப்டில் நகம் நன்றாகவே மாட்டுகிறது, சுற்றிலும் பள்ளம், ஒரு பக்கம் துருக் குழியும் இருக்கிறது. ஆட்டினால் "டொக்கு டொக்கு" என்று கையில் தெரிகிறது.

ஷாஃப்டை மட்டும் வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்து போடலாம் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். லேத்காரரே, நீங்களே அந்தத் தொழில்தானே?

லேத்காரன் | திருச்சி

தொழில் அதுதான், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அந்த ஷாஃப்ட் மேல்பரப்பைக் கடினப்படுத்திச் செய்தது. வெல்டிங் சூடு பட்டால் அந்தக் கடினம் போய்விடும், ஓரத்தில் விரிசலும் விழலாம். டிராக்டர் கலப்பையில் அப்படிச் செய்யலாம், உடைந்தால் உழவு நிற்கும், அவ்வளவுதான். இது உடைந்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் சும்மா சுற்றும். அந்த வேலையை என் பட்டறைக்குக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பள்ளம் மட்டும் என்றால் வேறு வழி உண்டு. சீலை ஒரு மயிரிழை முன்னே பின்னே உட்கார வைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம், இடம் இருந்தால். சில அளவுகளுக்கு மெல்லிய எஃகு உறை கிடைக்கும், அதை ஷாஃப்டின் மேல் ஏற்றலாம். ஆனால் உங்களுக்குப் பேரிங்கும் போயிருக்கிறது. அதை மாற்றி, ஷாஃப்டை மாற்றி, கிட்டும் போட்டு, கூலியையும் கூட்டினால் எக்ஸ்சேஞ்ச் பாக்ஸ் (பழசைக் கொடுத்துவிட்டு எடுப்பது) விலையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகும் பிஸ்டனும் வால்வும் பழசாகவே இருக்கும்.

குடந்தை டீசல் | கும்பகோணம்

அப்போ சென்னை புதுப்பேட்டையில் காயலான் கடையில் ஒன்று பார்க்கலாமே? நல்ல கண்டிஷனில் கிடைக்கும்.

டெப்போ பெரியவர் | கும்பகோணம்

கிடைக்கும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, மோதிய வண்டியா என்று யார் சொல்வார்கள்? முன்பக்கம் அடிபட்ட வண்டியின் பாக்ஸில் ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாமல் முறுகியிருக்கலாம். கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் காயலான் கடையில் வாங்குங்கள். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேண்டாம்.

பல கம்பெனி வண்டிகளுக்கு ஸ்டீயரிங் பாக்ஸ் செய்கிற ஆலை நமக்குப் பக்கத்திலேயே விராலிமலையில் இருக்கிறது. முன்பு ரானே டி.ஆர்.டபிள்யூ., இப்போது இசட்.எஃப். ரானே. பாக்ஸின் உடம்பில் இருக்கிற தகட்டைத் துடைத்துத் தயாரிப்பாளர் பெயரையும் பார்ட் நம்பரையும் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் அங்கீகார சர்வீஸ் டீலரிடம் கேளுங்கள். புதுசாகவும் கேளுங்கள், பழசைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்ததை எடுக்கலாமா என்றும் கேளுங்கள். வண்டி மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடலுக்குள்ளேயே பாக்ஸ் மாறியிருக்கும்.

வெண்ணாறு407 | மன்னார்குடி

தஞ்சாவூரில் விசாரித்தேன். புதுசு வரச் சில நாள் ஆகும், எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, வாரண்டியும் தருகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் எடுக்கப் போகிறேன். இதற்கிடையில் ஆயில் ஊற்றிக்கொண்டு இரண்டு மூன்று நடை நெல் அடிக்கலாமா? களத்தில் மூட்டை காத்துக்கிடக்கிறது, மேகம் வேறு கட்டுகிறது.

உப்பளத்து ஓட்டி | வேதாரண்யம்

கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒரு சிப்பம் (நெல் மூட்டை) 40 கிலோ. 60 சிப்பம் என்றாலே 2.4 டன், நீங்கள் அதோடு நிறுத்துகிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன் 😄 அந்த பாரத்தில் களத்து வரப்பு ஓரத்தில் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடிப்பீர்கள். இருக்கிற கிழிசல் அங்கேதான் முழுசாகப் பிய்யும்.

டெப்போ பெரியவர் | கும்பகோணம்

ஆயில் தீர்ந்தாலும் ஸ்டீயரிங் அடியோடு போய்விடாது, உள்ளே பல்லோடு பல் இணைப்பு இருக்கிறது. ஆனால் கல்லாகக் கனக்கும், வளைவில் திடீரென்று கனத்தால் கை தடுமாறும். எங்கள் காலத்தில், சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்தபோது, பஸ்ஸில் பவர் எல்லாம் கிடையாது. டிரைவர்களின் தோளைப் பார்த்தாலே தெரியும். அது பழக்கம். பவருக்குப் பழகிய கைக்குத் திடீரென்று அது வராது.

செலவையும் பாருங்கள். பம்ப் வறண்டு ஓடினால் உள்ளே ராவி இரும்புத் தூள் விடும். அந்தத் தூள் நேரே புதுப் பாக்ஸுக்குள் போகும். நெல்லுக்கு வாடகை வண்டி பிடியுங்கள் தம்பி.

லேத்காரன் | திருச்சி

அதையொட்டி ஒன்று. டப்பா அடியில் கறுப்புச் சேறு என்றீர்கள். டப்பாவைக் கழற்றிக் கழுவி ஃபில்டரை மாற்றுங்கள். ஓஸ் இரண்டையும் கழற்றிப் புது ஏ.டி.எஃப். விட்டு அலசுங்கள். ரிட்டர்ன் ஓஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தால் ஆயில் திரும்பிப் போக முடியாமல் பாக்ஸுக்குள்ளேயே அழுத்தம் ஏறும், புதுச் சீலையும் தள்ளிவிடும். சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். செம்பு வாஷர் எல்லாம் புதுசு.

கிங் பின்னுக்கு (முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற ஆணி) கிரீஸ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டுக் கையால் தள்ளினால் லேசாகத் திரும்ப வேண்டும். கிங் பின் இறுகிய வண்டியில் பாக்ஸ்தான் அத்தனை பாரத்தையும் தள்ளுகிறது. பாக்ஸ் போனதற்குக் காரணமே அதுவாக இருந்தால், புதுசும் அதே வழியில் போகும்.

வெண்ணாறு407 | மன்னார்குடி

வேலை முடிந்தது. நெல்லை மச்சான் வண்டியில் அனுப்பிவிட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் பாக்ஸ் மாட்டியாச்சு. கிங் பின் வலது பக்கம் பிடித்துத்தான் இருந்தது, கிரீஸ் நிப்பிள் அடைத்துக்கொண்டு எத்தனை நாளோ. அதையும் புஷ்ஷோடு மாற்றினோம். ரிட்டர்ன் ஓஸை அறுத்துப் பார்த்தால் உள்பக்கத் துளை பென்சில் நுழைகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. முன் சக்கரத்தைத் தூக்கி, எஞ்சினைப் போடாமலே இடம் வலம் திருப்பி ஆயில் ஊற்றிக்கொண்டே வந்தோம். குமிழ் குறைந்த பிறகு எஞ்சினைப் போட்டு மறுபடி திருப்பி, நுரை அடங்கியதும் அளவு பார்த்து மூடினோம். ஸ்டீயரிங் ஒரு விரலில் திரும்புகிறது, விட்டால் நேராக வருகிறது.

டெப்போ பெரியவர் | கும்பகோணம்

மகிழ்ச்சி. நாலு லோடு ஏற்றிய பிறகு சேஸிஸில் பாக்ஸைப் பிடித்திருக்கிற போல்ட், டிராப் ஆர்ம் நட்டு இரண்டையும் டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். போல்ட் ஓட்டையைச் சுற்றிச் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா என்றும் துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

வெண்ணாறு407 | மன்னார்குடி

பார்த்துவிட்டேன் ஐயா. விரிசல் இல்லை. ஆர்ம் நட்டு அசையவில்லை. பாக்ஸ் போல்டில் முன்பக்கத்துக் கீழ் போல்ட் மட்டும் கொஞ்சம் வாங்கியது, இறுக்கியாச்சு. எஃப்.சி.க்கு நாளைக்குக் காட்டுகிறேன்.